அச்சான பத்திரிகையும் மாறிய மண்டபமும்: ஒரு க்யூஆர் குறியீட்டின் இலக்கை மாற்றிய நிகழ்வு ஆய்வு

மதுரை டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் சிறிய அச்சகம் நடத்திவருகிறேன். ஆடியில் சுப காரியங்கள் இல்லை என்பதால் மாதத்தின் பெரும்பகுதி ஓய்ந்து கிடக்கும் இயந்திரங்கள், ஆவணி முகூர்த்தங்களுக்கான பத்திரிகைகள் மொத்தமாக வந்து குவியும் அதன் கடைசி வாரத்தில் இரவு பகலாக ஓடும். அப்படியொரு வாரத்தில் நான் அச்சிட்டுக் கொடுத்த 700 பத்திரிகைகளைப் பற்றியது இந்த ஆய்வு. சிவகாசியிலிருந்து வந்த கெட்டி அட்டையின் உட்பக்கத்தில் வழக்கமான வாசகமும், பின்பக்கத்தில் இரண்டு க்யூஆர் குறியீடுகளும் இருந்தன. இடப்பக்கக் குறியீடு திருநகரில் உள்ள மண்டபத்துக்கு வழி காட்டுவது. வலப்பக்கம் இருந்தது மொய்க்கானது.

முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, மழையில் சாப்பாட்டுக் கூடத்தின் கூரை ஒழுகத் தொடங்கிவிட்டதால் மண்டபத்தைத் தர இயலாது என்று மண்டபத்தார் கைவிரித்துவிட்டார்கள். அன்று மாலைக்குள்ளேயே ஐயர் பங்களா பக்கத்தில் வேறொரு மண்டபம் கிடைத்தது பெண் வீட்டாரின் அதிர்ஷ்டம். ஆனால் திருநகர் நகரின் தென்மேற்கில், திருமங்கலம் சாலையில் இருக்கிறது. ஐயர் பங்களாவோ வைகையைத் தாண்டி வடக்கே இருக்கிறது. பத்திரிகைகளில் ஏறக்குறைய 650 கை மாறிவிட்டிருந்தன. மணப்பெண்ணின் தந்தை கடைக்கு வந்து கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, டைனமிக் கோடு போட்டிருக்கேன், பின்னாடி மாத்திக்கலாம்னு சொன்னீங்களே, இப்ப மாத்திரலாம்ல?"

இரண்டு நிமிட வேலை என்றேன். மாற்றுவதற்கு உண்மையிலேயே இரண்டு நிமிடம்தான் ஆனது. அந்த மாற்றம் யாருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது, யாருக்குச் சேரவில்லை, ஏன் சேரவில்லை என்பதைக் கண்டறிய எனக்கு இரண்டு நாள் பிடித்தது. தவற்றில் பெரும்பங்கு என்னுடையது என்பதால், அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

குறியீட்டுக்குள் என்ன இருந்தது

க்யூஆர் குறியீடு என்பது 1994-இல் ஜப்பானின் டென்சோ குழுமத்தில் மசாஹிரோ ஹாராவும் அவருடைய குழுவினரும் வாகன உதிரிபாகங்களை விரைவாக அடையாளம் காண்பதற்காக உருவாக்கியது. அது எழுத்துகளைச் சுமக்கும் ஒரு கட்டம், அவ்வளவே. அச்சான பிறகு அதில் ஒரு புள்ளியும் மாறாது. ஆகவே டைனமிக் குறியீடு என்ற பெயரே சற்று ஏமாற்றுவது. மாறுவது குறியீடு அல்ல. குறியீட்டில் எழுதப்பட்டிருக்கும் முகவரியில் உட்கார்ந்திருக்கும் சர்வர் என்ற கணினி சொல்லும் பதில். கைபேசி கட்டத்தைப் படித்து அந்த முகவரிக்குப் போகிறது. சர்வர் "நீ தேடுவது இங்கே இல்லை, அங்கே போ" என்று வேறொரு முகவரியைக் கொடுக்கிறது. கைபேசி அங்கே போகிறது. இந்த "அங்கே" என்பதைத்தான் நாம் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வாறு ஒரு குறுகிய முகவரியை இடையில் வைப்பதில் அச்சகத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. வரைபடத்தின் முழு லிங்க் 130 எழுத்து நீளம் இருந்தால், நடுத்தரப் பிழைதிருத்த அளவில் (கட்டத்தின் ஒரு பகுதி சேதமானாலும் படிக்க உதவும் ஏற்பாடு) அதற்கு 49-க்கு 49 என்ற கட்டம் தேவைப்படும். அதை 2 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால் ஒவ்வொரு சதுரமும் 0.4 மி.மீ.தான் வரும், தங்க மை பூசிய வழவழப்பான அட்டையில், மண்டப வாசலின் மங்கிய வெளிச்சத்தில், பழைய கைபேசிக் கேமரா அதைப் படிக்கத் திணறும். என்னுடைய குறுகிய முகவரிக்கு 24 எழுத்துகளே. எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்திலும் எண்களிலும் வைத்தால், அதற்கென உள்ள சிக்கனமான முறையில் பதிந்து 25-க்கு 25 கட்டத்துக்குள் அடங்கிவிடும். நான்கில் ஒரு பங்கு சேதமானாலும் மீட்கக்கூடிய பிழைதிருத்த அளவையும் வைத்துக்கொள்ளலாம். ஒரு சதுரத்துக்கு 0.8 மி.மீ. கிடைக்கும். குறியீட்டைச் சுற்றி நான்கு சதுர அகலத்துக்கு வெற்றிடம் விட வேண்டும் என்ற விதியை மட்டும் வாடிக்கையாளர்கள் விரும்புவதில்லை. அந்த இடத்தில் ஒரு மாங்காய்க் கொடியை ஓடவிடச் சொல்வார்கள், நான் ஒப்புக்கொள்வதில்லை.

முகவரி என் சொந்த டொமைனில், அதாவது என் பெயரில் பதிவு செய்த இணையப் பெயரில் இருந்தது. இணையத்தில் இலவசமாகக் குறியீடு செய்துதரும் சேவைகளைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு வாடிக்கையாளருக்காக அப்படியொரு சேவையைப் பயன்படுத்தி, சோதனைக் காலம் முடிந்ததும் குறியீடு விளம்பரப் பக்கத்துக்குப் போய், சந்தா கட்டினால்தான் பழைய இலக்கு திரும்பும் என்ற நிலையில் மாட்டிக்கொண்டேன். குறியீட்டில் எந்த டொமைன் அச்சாகியிருக்கிறதோ, அதன் உரிமையாளர்தான் குறியீட்டின் உண்மையான உரிமையாளர். அட்டைக்குக் காசு கொடுத்தவர் அல்லர். பெரிய நிறுவனத்தின் சேவையானாலும் நிலைமை இதுதான். கூகுள் தன் சுருக்க முகவரிச் சேவையில் புதிய முகவரிகள் உருவாக்குவதை 2019 மார்ச்சில் நிறுத்தியது. பழையவையும் 2025 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு இயங்காது என்று 2024-இல் அறிவித்து, கெடு நெருங்கிய வேளையில் பயன்பாட்டில் உள்ளவற்றை மட்டும் விட்டுவைப்பதாகச் சொன்னது. அச்சில் ஏறிவிட்ட குறியீட்டை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட அறிவிப்புகளுக்காகக் காத்திருப்பது நிம்மதியான காரியமன்று.

மாற்றிய அன்று நடந்தது

சர்வரை வாடகைக்குத் தரும் என் ஹோஸ்டிங் கணக்கின் கட்டுப்பாட்டுப் பலகையில் பழைய வரைபட லிங்கை அழித்துப் புதியதைப் பதித்தேன். மேசையிலிருந்த பத்திரிகையை என் கைபேசியில் ஸ்கேன் செய்தேன்; திருநகர் வந்தது. சரியாகச் சேமிக்கவில்லையோ என்று மறுபடியும் பார்த்தேன். பலகையில் ஐயர் பங்களாதான் இருந்தது. மறுபடி ஸ்கேன் செய்தாலும் திருநகர். கடையில் வேலை செய்யும் பையன் தன் கைபேசியில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, எனக்கு ஐயர் பங்களாதான் காட்டுது" என்றான். மணப்பெண்ணின் தந்தை கைபேசியிலும் திருநகர்தான். அதே கைபேசியில், உலாவியைத் திறக்காமல் தனக்குள்ளேயே பக்கத்தைக் காட்டும் வேறொரு ஸ்கேனர் செயலியில் எடுத்தபோது ஐயர் பங்களா வந்தது. ஒரே குறியீடு, ஒரே மேசை, இரண்டு மண்டபங்கள்.

முதலில் நான் சந்தேகப்பட்டது சர்வரை. அடுத்ததாக இணையச் சேவையை. இரண்டும் குற்றமற்றவை. விடை சர்வரின் பதிவேட்டில் இருந்தது. பையன் ஸ்கேன் செய்தபோது பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. நான் ஸ்கேன் செய்தபோது எந்த வரியும் ஏறவில்லை. அதாவது என் கைபேசி சர்வரிடம் கேட்கவே இல்லை. முன்பொரு நாள் பெற்ற பதிலையே தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு நேரே திருநகருக்குப் போய்விட்டது.

நிரந்தரம் என்ற சொல்

இணையத்தில் ஒருவரை வேறு முகவரிக்கு அனுப்பும் பதில்களுக்கு எண்கள் உண்டு. 301 என்றால் "இது நிரந்தரமாக இடம் மாறிவிட்டது". 302 என்றால் "இப்போதைக்கு அங்கே இருக்கிறது". இவற்றின் இலக்கணத்தை 2022-இல் வெளியான ஆர்எஃப்சி 9110 என்ற ஆவணம் வரையறுக்கிறது. அதன்படி 301-ஐப் பெறும் உலாவி, வேறு கட்டளை எதுவும் இல்லாவிட்டால், அந்தப் பதிலைத் தன் கேச் சேமிப்பில் வைத்துக்கொண்டு அடுத்த முறை சர்வரைக் கேட்காமலே பயன்படுத்தலாம். 302-ஐ அவ்வாறு வைத்துக்கொள்ளச் சொல்லி சர்வர் தனியே அனுமதி கொடுத்திருந்தால்தான் வைத்துக்கொள்ளும். புதிய வீட்டுக்குக் குடிபோனவர் தபால்காரரிடம் "இனி எப்போதும் அங்கேயே கொடுத்துவிடுங்கள்" என்று சொல்வதற்கும், "இந்த மாதம் மட்டும் அண்ணன் வீட்டில் கொடுங்கள்" என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இது. முதலாவதைக் கேட்டவர் மறுபடி நம் கதவைத் தட்டமாட்டார்.

என் கட்டுப்பாட்டுப் பலகையில் இந்தத் தேர்வுக்கான பெட்டியில் முதலில் நிற்பது "நிரந்தரம்". பத்திரிகை செய்த அன்று அதை நான் மாற்றவில்லை. மண்டபம் மாறப்போவதில்லையே என்று நினைத்ததாகக்கூடச் சொல்ல முடியாது. அந்தப் பெட்டியை நான் பார்க்கவே இல்லை. பின்னாளில் மாற்றுவதற்காகவே வடிவமைத்த ஒரு குறியீட்டுக்கு "இனி மாறாது" என்ற பதிலைக் கொடுத்து வைத்திருந்தேன். ஏற்கெனவே ஒருமுறை ஸ்கேன் செய்தவர்களின் கைபேசிகளில் அந்தப் பதில் குடியேறிவிட்டது. சர்வரில் நான் எதைத் திருத்தினாலும் அவர்களுக்குத் தெரியாது, ஏனெனில் அவர்கள் சர்வரிடம் வருவதே இல்லை.

இதற்கு ஒரு வைத்தியம் இருந்திருக்கும், இரண்டாவது தவற்றை நான் செய்யாமல் இருந்திருந்தால். குறுகிய முகவரியை நேரடியாகக் கூகுள் மேப்ஸ் லிங்குக்குத் திருப்பாமல், என் டொமைனிலேயே "மண்டபத்துக்கு வழி" என்று ஒரு பக்கம் செய்து அதற்குத் திருப்பியிருந்தால், 301 பதிந்துபோன கைபேசிகளும் என் பக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கும். அந்தப் பக்கத்தின் உள்ளடக்கத்தை மாற்றினாலே போதுமானதாக இருந்திருக்கும். கடைசி இலக்கு என் கையில் இல்லாத ஓர் இடமாக இருந்ததால், அந்தக் கைபேசிகளை எட்ட எனக்கு வழியே இல்லாமல் போயிற்று.

திருத்திய முறை

அன்று இரவே மூன்று மாற்றங்கள் செய்தேன். திருப்பும் பதிலை 302 ஆக்கினேன். அதனுடன் "எங்கும் சேமிக்காதே" என்ற கட்டளையையும் சேர்த்தேன். இலக்கை வரைபடத்திலிருந்து என் சொந்தப் பக்கத்துக்கு மாற்றினேன். அந்தப் பக்கத்தின் தலையில், பத்திரிகையில் அச்சான திருநகர் மண்டபத்தின் பெயரைக் குறுக்குக் கோடிட்டுக் காட்டி, கீழே "மண்டபம் மாற்றப்பட்டுள்ளது" என்று பெரிய எழுத்தில் எழுதி, மணப்பெண்ணின் தந்தை பெயரையும் போட்டு, அதற்கும் கீழேதான் வரைபடத்துக்கான பொத்தானை வைத்தேன்.

கடைசியாகச் சொன்ன இந்த அமைப்பு என் யோசனையன்று. மாற்றம் செய்த முதல் சில மணி நேரத்தில், குறியீடு நேராகப் புதிய வரைபடத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது, மேலூரிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் தொலைபேசியில் அழைத்து, பத்திரிகையில் உள்ள கோடு தப்பு, அது வேறு எங்கோ ஐயர் பங்களாவைக் காட்டுகிறது, அச்சகத்துக்காரனிடம் சொல்லுங்கள் என்றாராம். அவர் சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது. அச்சில் திருநகர் என்றிருக்க, கைபேசி வேறொன்றைச் சொன்னால், எவரும் அச்சைத்தான் நம்புவார். இலக்கு சரியாக மாறினால் மட்டும் போதாது. மாறியிருக்கிறது என்பதையும், யார் மாற்றினார்கள் என்பதையும், எதிலிருந்து எதற்கு மாறியது என்பதையும் சேர்ந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதுபவர்கள் 301, 302 பற்றி நிறையச் சொல்கிறார்கள். மேலூர் மாமனைப் பற்றி யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

முன்பே ஸ்கேன் செய்துவிட்டவர்கள் யார் என்பதே மீதமிருந்த கேள்வி. மாற்றத்துக்கு முன் பதிவேட்டில் 112 வரிகள் இருந்தன. ஆனால் அவற்றிலிருந்து ஆட்களைக் கண்டறிய முடியாது. கைபேசி நிறுவனங்கள் ஒரே இணைய எண்ணைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், அந்த எண் ஒருவரையும் அடையாளம் காட்டாது. தவிர, வரைபடம் திறந்த பிறகு அந்த லிங்கை நகலெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்தவர்களும் உண்டு. அவ்வாறு பகிரப்பட்டது திருநகரின் நேரடி லிங்க். குறியீட்டுக்கும் அதற்கும் இனி எந்த உறவும் இல்லை. பத்திரிகையைப் புகைப்படம் எடுத்துப் பகிர்ந்தவர்கள் நல்ல காரியம் செய்தார்கள். படத்தில் உள்ள குறியீடு என் சர்வர் வழியாகத்தான் போகும்.

எனவே மீதி வேலையைப் பழைய முறையில்தான் செய்ய வேண்டியிருந்தது. மணப்பெண்ணின் தந்தை தன் குரலிலேயே ஒரு வாட்ஸ்அப் செய்தி பதிந்து அனுப்பினார். வீட்டில் மிச்சமிருந்த சுமார் 50 பத்திரிகைகளில் மண்டபத்தின் பெயர் மீது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தேன். பத்திரிகை வைத்த வரிசைப்படி எழுதி வைத்திருந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து, மணப்பெண்ணின் அத்தை இருவர் மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் அழைத்தார்கள். அந்த நோட்டு இருந்திராவிட்டால் நிலைமை மோசமாகியிருக்கும்.

முகூர்த்த நாள்

காலை 6 மணியிலிருந்து 7.30-க்குள் முகூர்த்தம். தவறிப்போய்த் திருநகருக்கு வந்துவிட்டவர் அங்கிருந்து நகரைக் குறுக்காகக் கடந்து, ஆற்றையும் தாண்டி, தாலி கட்டுவதற்குள் வந்து சேர்வது கடினம். ஆகவே பழைய மண்டப வாசலில் ஃபிளெக்ஸ் பலகையுடன் கடைப் பையனையும் ஒரு வேனையும் ஐந்து மணிக்கே நிறுத்தினோம். வருபவர்களிடம் எப்படி இங்கே வந்தீர்கள் என்று கேட்டு எழுதி வைக்கும்படி அவனிடம் சொல்லியிருந்தேன். கல்யாண நாளில் இது அதிகப்பிரசங்கித்தனம் என்று அவன் முகத்தில் தெரிந்தது, ஆனாலும் எழுதினான்.

மொத்தம் பதினொரு வண்டிகள். ஐந்து வண்டிக்காரர்கள் குறியீட்டை ஸ்கேன் செய்ததே இல்லை. திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குத் திருநகர் வழியிலேயே இருப்பதால் பத்திரிகையில் பெயரைப் படித்துவிட்டு நேரே வந்துவிட்டார்கள், தொலைபேசியிலும் கிடைக்கவில்லை. நான்கு வண்டிகளில் பழைய ஸ்கேன். இரண்டு வண்டிகள் குழுவில் பகிரப்பட்ட திருநகர் லிங்கைப் பின்தொடர்ந்து வந்தவை. மாற்றத்துக்குப் பிறகு முதன்முறையாக ஸ்கேன் செய்தவர்களில் ஒருவர்கூடத் தவறான வாசலுக்கு வரவில்லை. என் கவனக்குறைவின் நேரடி விளைவு அந்த நான்கு வண்டிகள்.

மொய்க் குறியீட்டைப் பற்றி

இடையில் ஒரு நாள், மொய்க்கான குறியீட்டையும் மூத்த மகனின் கணக்குக்கு மாற்றித் தர முடியுமா என்று பெண்ணின் தந்தை கேட்டார். பத்திரிகையில் மொய்க்கு க்யூஆர் போடும் பழக்கம் 2021 ஜனவரியில் மதுரைத் தம்பதி ஒருவரின் அழைப்பிதழ் செய்தியானபோது வேடிக்கையாகப் பார்க்கப்பட்டது. இப்போது வருகிற பத்திரிகைகளில் அது சாதாரணம். ஆனால் அது வேறு இனம். அதில் இருப்பது இணைய முகவரி அன்று. யுபிஐ முகவரியும் பெயரும் நேரடியாகக் கட்டத்தில் பதிந்திருக்கின்றன. இடையில் நம் சர்வர் ஏதும் இல்லை, ஆதலால் மாற்றுவதற்கும் ஏதும் இல்லை. அந்த யுபிஐ முகவரிக்கு உரியவர் தன் செயலியில் தன்னுடைய வேறொரு வங்கிக் கணக்கை அதனுடன் இணைத்துக்கொள்ளலாம். இன்னொருவரின் கணக்கை இணைக்க முடியாது. பணப்பரிமாற்றத்தில் டைனமிக் க்யூஆர் என்று சொல்வது, ஒவ்வொரு பில்லுக்கும் தொகையோடு புதிதாக உருவாகித் திரையில் தோன்றும் குறியீட்டை. பெயர் ஒன்றாக இருப்பதால் வாடிக்கையாளர்கள் குழம்புகிறார்கள்.

மொய்யையும் என் சர்வர் வழியாகத் திருப்பிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு நான் மறுப்புத்தான் சொல்கிறேன். யுபிஐ குறியீட்டை நேரடியாக ஸ்கேன் செய்பவருக்குப் பணம் போகும் முன் பெறுபவரின் பெயர் செயலியில் தெரியும், அது போதும். நடுவில் நான் நின்றால், என் கட்டுப்பாட்டுப் பலகையின் கடவுச்சொல்லைத் திருடியவன் ஒரு கல்யாணத்தின் மொய் முழுவதையும் வேறு பக்கம் திருப்பிவிட முயலலாம். வழி காட்டும் குறியீட்டிலும் இந்த ஆபத்து இல்லாமல் இல்லை. 2015-இல் ஜெர்மனியில் ஹைன்ஸ் கெட்சப் பாட்டிலின் குறியீடு ஓர் ஆபாச இணையதளத்துக்குப் போனது. முடிந்துபோன போட்டி ஒன்றுக்கான டொமைனை நிறுவனம் புதுப்பிக்காமல் விட, வேறொருவர் அதை வாங்கியிருந்தார். பாட்டில்கள் மட்டும் இன்னும் சமையலறைகளில் இருந்தன. பத்திரிகைகளும் அப்படித்தான், மதுரை வீடுகளில் சாமி படத்துக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் செருகிக் கிடப்பவை. ஆகவே டொமைனை விடாமல் புதுப்பித்து வருகிறேன், அந்தச் செலவையும் குறியீட்டுக்கான கட்டணத்தில் சேர்த்துவிட்டேன்.

இப்போது புதிதாகச் செய்யும் எந்தக் குறியீடும் 302-இல்தான் போகிறது, என் சொந்தப் பக்கத்துக்குத்தான் போகிறது, யாருடைய வரைபடத்துக்கும் நேரடியாகப் போவதில்லை. இலக்கை மாற்றினால் முன்பு ஸ்கேன் செய்த ஒரு கைபேசி, ஸ்கேன் செய்யாத ஒரு கைபேசி என இரண்டிலும் பார்த்த பிறகே வாடிக்கையாளரிடம் "மாறிவிட்டது" என்று சொல்கிறேன்.

திருமணம் முடிந்த மறுவாரம் அதே குறியீட்டைக் கல்யாணப் புகைப்படங்களின் பக்கத்துக்கு மாற்றிக் கொடுத்தேன். சில நாள் கழித்துப் பெண்ணின் தந்தை மீதிப் பணத்தைக் கொடுக்க வந்தவர், படத்தைப் பார்க்கலாம் என்று தன் கைபேசியில் ஸ்கேன் செய்தார். திருநகர் மண்டபம் வந்தது. கைபேசியை வாங்கி, உலாவியின் கேச் சேமிப்பை அழித்துவிட்டு, மறுபடி ஸ்கேன் செய்து கொடுத்தேன்.